ஹெரால்டு காருக்கு வழங்கிய குறைபாடுள்ள இரும்புச் சக்கரங்கள் குறித்த புகார்

அனுப்புநர்:
ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உரிமையாளர்,
மேற்கு தாம்பரம், சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
சக்கர விற்பனை மற்றும் பொருத்துதல் பிரிவு.

பொருள்: துளைகளை ராவி மாற்றிய ரிம்களை விற்றுப் பொருத்தியது – முழுத் தொகையைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வண்டலூர் ஆலையில் தயாரான என் நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு உங்கள் நிறுவனத்தில் வாங்கி, உங்கள் பணிமனையிலேயே பொருத்திக்கொண்ட நான்கு இரும்பு ரிம்களும் அந்தக் காருக்கு உரியவையே அல்ல என்பதையும், வேறொரு காரின் ரிம்மில் நட் மாட்டும் துளைகளை அரத்தால் ராவி, மேலே பவுடர் கோட்டிங் அடித்து விற்கப்பட்டவை என்பதையும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

காரின் பழைய ரிம்கள் மூன்றரை அங்குல அகலம் கொண்டவை. விளிம்பில் துரு அரித்து, டியூப் போட்டும் காற்று நிற்காத நிலைக்கு வந்துவிட்டன. அலாய் சக்கரம் போட எனக்கு விருப்பமில்லை. ஹெரால்டுக்கு அதன் இரும்பு ரிம்மும் வீல் கேப்பும்தான் பொருத்தம். ஆகவே, ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனையே பகிர்ந்துகொண்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயரின் பிந்தைய மாடல்களில் வந்த நாலரை அங்குல அளவைத் தேர்ந்தெடுத்து, 155/80 ஆர் 13 டயருக்கு ஏற்ற ரிம் வேண்டும் என்று கேட்டேன். நான்கு துளை, 95.25 மி.மீ. பி.சி.டி. (எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம்), அதாவது மூன்றே முக்கால் அங்குலம், என்று எழுத்திலேயே குறிப்பிட்டு, இன்றைய கார்களில் பரவலாக உள்ள 100 மி.மீ. ரிம் இதற்குச் சேராது என்றும் சொல்லியிருந்தேன். "அதே அளவுதான் சார், அப்படியே உட்காரும்" என்று உங்கள் விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் உறுதியளித்த பிறகே பணம் செலுத்தினேன்.

பொருத்தி எடுத்து வந்த நாள் முதலே, வேகம் அறுபதைத் தொட்டால் ஸ்டியரிங் உதறியது. உங்கள் பணிமனையில் இரண்டாம் முறை வீல் பேலன்ஸிங் செய்து கொடுத்தும் உதறல் நிற்கவில்லை. அப்போது உங்கள் மேற்பார்வையாளர் சொன்ன பதில், "பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்" என்பது. அந்தப் பதிலை ஏற்க முடியாமல், எனக்குத் தெரிந்த மெக்கானிக் முன்னிலையில் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன்.

ஒரு துளையைச் சுற்றியிருந்த பெயிண்டைச் சுரண்டியதும் உண்மை தெரிந்தது. துளை வட்டமாக இல்லை. ரிம்மின் மையத்தை நோக்கி முட்டை வடிவில் நீண்டிருந்தது. அந்தப் பக்கம் அரத்தின் கீறல்கள் வரிவரியாகத் தெரிந்தன. எதிர்ப்பக்கத்தில், நட் உட்காரும் பழைய கூம்புக் குழியின் பாதி அப்படியே பிறை போல எஞ்சியிருந்தது. ராவாத அந்த விளிம்புகளைக் கொண்டு எதிரெதிர்த் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தபோது 100 மி.மீ. வந்தது. ஆக, ஒவ்வொரு துளையும் உள்நோக்கி ஏறக்குறைய 2.4 மி.மீ. ராவப்பட்டிருக்கிறது.

இதை அற்ப அளவு என்று தள்ளிவிட முடியாது. ஹெரால்டில் சக்கரத்தை ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் சுழலும் பகுதி) நடுவில் நிறுத்துவது நட்டின் கூம்பு முனையும் அது உட்காரும் குழியும்தான். குழியே பாதி போய்விட்டால் நட் ஒரு பக்கமாக மட்டும் அழுந்தும், சக்கரம் மையம் விலகி நிற்கும், ஓட்டத்தில் நட் தளரும். எடை ஒட்டிச் சரிசெய்யும் கோளாறு அல்ல இது. நட் முடுக்கப்படும் மரையாணிகளான, மெல்லிய 3/8 அங்குல யு.என்.எஃப். (நுண்மரை) ஸ்டட்டுகளில் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் வலிந்து முடுக்கியதால், முன் இடது ஹப்பில் ஒரு ஸ்டட்டின் மரை கெட்டுப்போயிருக்கிறது.

ஆஃப்செட்டும், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவும், தவறு. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பக்கூடிய கார். முன் சக்கரங்கள் அவ்வளவு கூர்மையாகத் திரும்பும் என்பதால் உள்பக்க இடைவெளியைப் பார்க்காமல் எந்த ரிம்மையும் மாட்டக்கூடாது. அதைப் பார்ப்பதும் சிரமமில்லை. பானெட்டை மட்கார்டோடு முன்பக்கம் கவிழ்த்துவிட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்தால் டயர் எங்கே இடிக்கிறது என்பது நின்ற இடத்திலிருந்தே தெரியும். உங்கள் பணிமனையில் யாரும் பானெட்டைத் திறந்ததாகவே தெரியவில்லை. டயரின் உள்பக்கச் சுவரில் உரசிய தடம் இப்போது தெளிவாக இருக்கிறது.

எனவே, ரிம்களுக்கும் பொருத்துகூலிக்கும் நான் செலுத்திய முழுத் தொகையையும், உரசலால் பழுதான இரண்டு முன் டயர்களின் விலையையும், ஸ்டட் மாற்றும் செலவையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கோருகிறேன். மாற்று ரிம் எனக்கு வேண்டாம். உங்கள் அளவுகோல் மீது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ரிம்களை உங்கள் செலவில் எடுத்துச் செல்லலாம், ஆனால் பணம் வந்துசேரும் வரை அவை சாட்சியாக என்னிடமே இருக்கும். இதே போல் ராவிய ரிம்களை வேறு பழைய கார்களுக்கும் விற்றிருந்தால், அந்த உரிமையாளர்களுக்கு உடனே தகவல் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஓடும் காரில் சக்கரம் கழன்றால் ஆபத்து காருக்கு மட்டுமல்ல.

குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் முறையீடு செய்வேன். பில் நகல், வாட்ஸ்அப் உரையாடலின் நகல், துளைகளை அளவுகோலோடு எடுத்த புகைப்படங்கள், மெக்கானிக்கின் எழுத்துமூலக் குறிப்பு ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்