மார்கழியில் தடிமனான மேட் வேண்டுமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால் எங்கள் அல்சூர் யோகா சாமான் கடையில் ஒரே கேள்விதான்: "இதைவிடத் தடிமனா மேட் இருக்கா? சவாசனத்துல மல்லாந்து படுத்தா முதுகு சில்லுனு ஆயிடுது." விற்றால் எங்களுக்கு லாபம்தான். ஆனாலும் பெரும்பாலானவர்களிடம் வேண்டாம் என்கிறோம். ஏன் என்று சொல்லிவிடுகிறோம்.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜனவரி விடியலில் 15 டிகிரி இங்கே சாதாரணம். மொசைக் தரையும் கிரானைட்டும் இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும். ஆசனம் செய்துகொண்டிருக்கும்வரை தசைகள் சூடு கொடுக்கும், படுத்ததும் அது குறைந்துவிடும். சட்டையில் ஊறிய வியர்வையும் காயும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடச் சவாசனத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. சுப்த பத்த கோணாசனம், விபரீத கரணி என்று படுத்தபடி செய்யும் ஓய்வு ஆசனங்களில் பதினைந்து இருபது நிமிடம் அசையாமல் கிடந்தால் குளிரில் தோள் இறுகும். அப்புறம் என்ன ஓய்வு?

6 மில்லிமீட்டர் தடிமனுள்ள மேட்டும் உடல் எடையில் அமுங்கிவிடும். நின்று செய்யும் ஆசனங்களில் கால் தள்ளாடுவதுதான் மிச்சம். கம்பளியை மடித்துப் போட்டால் இழைகளுக்கு நடுவே காற்று தங்கி, உடம்புச் சூட்டைத் தரைக்கு எளிதில் விடாது. எனவே இரண்டு போர்வை இருந்தால் ஒன்றைக் கீழே போடுங்கள். வீட்டில் பவானி ஜமக்காளம் இருக்கிறதா? மடித்து மேட்டுக்கு மேல் விரியுங்கள், எதுவும் வாங்க வேண்டாம். இல்லாதவர்களுக்குக் கர்நாடகத்தில் ஆடு மேய்க்கும் குறுபர் சமூகத்தினர் நெய்யும் கறுப்புக் கம்பளி வைத்திருக்கிறோம். செம்மறி ரோமம், நன்றாகவே குத்தும். பழைய பருத்திப் புடவையை மேலே விரித்தால் சரியாகிவிடும். வெந்நீரில் மட்டும் துவைக்காதீர்கள், சுருங்கிவிடும்.

போர்த்துவதைப் படுக்கும்போதே செய்துவிடுங்கள். நடுங்க ஆரம்பித்த பிறகு எழுந்து போர்வை தேடினால் ஓய்வு கலைந்துவிடும். காலுறை போட்டு, போர்வையின் கீழ்முனையைக் குதிகாலுக்கு அடியில் மடக்கிச் செருகுங்கள். கைகளும் உள்ளேயே இருக்கட்டும். ஈரச் சட்டையை மாற்றுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். மங்கி குல்லா போட்டாலும் யாரும் சிரிக்கப்போவதில்லை, நம் ஊர்க்காரர்கள் நவம்பரிலேயே மாட்டிக்கொள்கிறவர்கள்தானே.

வெந்நீர்ப் பை கேட்பவர்களுக்கு ஒன்று: சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் அதைக் காலடியில் வைக்கக் கூடாது. சூடு உறைக்காமலே தோல் வெந்துவிடும். அவர்களுக்குக் காலுறையே போதும்.

கம்பளி வேண்டுவோர் கடைக்கு வந்து, தரையில் விரித்துப் படுத்துப் பார்த்துவிட்டே வாங்கலாம்.

இப்படிக்கு,
யோகா சாமான் கடையினர்,
அல்சூர், பெங்களூரு