தேவாலாவின் தங்கச் சுரங்கங்களும் நம் சேலத்துக் குழிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டம் தேவாலா, பந்தலூர் சுற்றுவட்டாரத்தில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கங்களுக்குள் திருட்டுத்தனமாக இறங்குவோர் மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் உயிரிழக்கும் செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாளிதழ்களில் வருகிறது. உடனே சோதனை நடக்கும், எச்சரிக்கைப் பலகை வைக்கப்படும், பிறகு எல்லோரும் மறந்துவிடுவோம். அந்தச் சுரங்கங்களை முழுமையாக அளந்து, வரைபடமாக்கி, பாதுகாப்பாக மூடும் பொறுப்பை அரசே ஏற்க வேண்டும் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஏற்காட்டில் வாழும் ஒருவர் இதை ஏன் கேட்கிறார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்று தேயிலைக்கும் கொட்டும் மழைக்கும் பெயர்பெற்ற அந்தப் பகுதி 1877ஆம் ஆண்டுவரை வயநாட்டின் பகுதியாக மலபார் மாவட்டத்தோடு இருந்தது. ஓடை மணலை அரித்துப் பொன் எடுக்கும் வழக்கம் அங்குள்ள மக்களிடம் நெடுங்காலமாகவே உண்டு. 1874இல் ஆல்பா என்ற கம்பெனி தேவாலாவில் பாறையைக் குடைந்து பார்த்தது. 1879இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் அனுபவம் பெற்ற பிரௌ ஸ்மித் என்பவரை அரசு வரவழைத்து ஆய்வு செய்யச் சொன்னது. அவருடைய அறிக்கை நம்பிக்கை ஊட்டியதுதான் தாமதம், லண்டன் பங்குச் சந்தை கொந்தளித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், நாற்பது லட்சம் பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல் மூலதனம் என்று அறிவித்துக்கொண்டு கிளம்பின. நோயாலும் பூச்சியாலும் நொடித்துப்போயிருந்த காப்பித் தோட்டங்களை அவற்றின் முதலாளிகள் தங்க நிலம் என்ற பெயரில் கொள்ளை விலைக்கு விற்றார்கள். பந்தலூரில் விடுதியும் தபால் நிலையமும் எழுந்தன, குதிரைப் பந்தயம்கூட நடந்தது. கல்லை இடித்துப் பார்த்தபோது, செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரும்பாலான கம்பெனிகள் முடங்கின. அதே காலத்தில் கோலாரில் நல்ல தங்கரேகை அகப்பட்டதால், வயநாட்டுத் தங்கத்தை லண்டன் முதலீட்டாளர்கள் கைகழுவிவிட்டார்கள்.

கம்பெனிகள் போனாலும் அவை குடைந்த துளைகள் அப்படியே இருக்கின்றன. அங்குள்ள சுரங்கங்கள் பல கிணறுபோல் கீழ்நோக்கி வெட்டப்பட்டவை அல்ல. மலைச்சரிவிலிருந்து உள்நோக்கிக் கிடைமட்டமாகக் குடையப்பட்டவை. அதனால் அவற்றின் வாய்கள் ஆள் நடமாடும் மட்டத்திலேயே திறந்து கிடக்கின்றன. பந்தலூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனபோது அப்படி ஒன்றை நானே பார்த்தேன். தேயிலைச் செடிகளுக்கு இடையில், பெரணி மூடிக்கிடந்த அந்த வாயில், குனிந்தால்தான் ஓர் ஆள் நுழைய முடியும். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. வாசலில் புதிதாக வாரிக் கொட்டிய செம்மண்ணும், சுத்தியலால் உடைத்த வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) சில்லுகளும் கிடந்தன. உடைந்த முகங்களில் துருப்பிடித்தது போன்ற பழுப்புக் கோடுகள். யாரோ அண்மையில்தான் வேலை செய்திருக்கிறார்கள். நூற்று நாற்பது ஆண்டுக்கு முன் கொடுத்த மரமுட்டுகள் மக்கிப்போன சுரங்கத்தில், தலைக்கு மேல் நீரில் ஊறிய மண் நிற்கும்போது, தோட்டக் கூலி போதாத ஒருவர் மெழுகுவத்தியுடன் உள்ளே போகிறார் என்றால், அவரைக் குற்றவாளி என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது.

இடித்த கல்லிலிருந்து பொன்னைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்துகிறார்கள் என்பதும் வெளிவந்த செய்தியே. அதைச் சூடாக்கும்போது எழும் ஆவி, அருகில் இருப்பவரின் நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும். அந்தப் பக்கத்து ஓடைகள் பாண்டியாறு, புன்னம்புழை வழியாகச் சாலியாற்றில் கலந்து கேரளத்துக்குப் போகின்றன. ஆகவே இதை ஒரு வட்டத்தின் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டினார்கள். அது அலுமினியத்துக்காக மேட்டூருக்கு இறங்கியது. மலையுச்சியில் படிந்திருக்கும் அந்தக் கல்தான் மழைநீரை உறிஞ்சிவைத்து, கோடையில் ஊற்றுகளுக்குச் சிறிது சிறிதாக விடுவது. அதை வாரி எடுத்த இடத்தில் நாலு மரக்கன்றுகளை நட்டுவிட்டால் ஊற்று திரும்பிவிடும் என்று நான் நம்பவில்லை. கீழே சேலத்தில், மேக்னசைட் ஜங்ஷனைத் தாண்டும் ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கே மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லை வெட்டிய பள்ளங்களும் அதன் குவியல்களும் தெரியும். செட்டிச்சாவடிப் பக்கம் அந்தப் பள்ளங்களை ஒட்டி வாழும் மக்களுக்கு மழைக்காலத்தில் தேங்கும் நீர் தீராத அச்சம். தேவாலாவில் ஒன்றரை நூற்றாண்டாகத் தொடரும் அலட்சியம் நம் மாவட்டத்திலும் தொடங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

சுரங்கம் வெட்டுபவரே அதை மூடுவதற்கான திட்டத்தையும் வைப்புத்தொகையையும் தர வேண்டும் என்ற விதி 2003இல்தான் நம் நாட்டில் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துபோன லண்டன் கம்பெனிகளிடம் யார் போய்க் கேட்பது? அரசுதான் செய்ய வேண்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அமைக்கப்பட்ட மாவட்டக் கனிம அறக்கட்டளைகளின் நிதி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காகவே உள்ளது. சேலத்தில் அந்தப் பணம் பள்ளங்களைச் சீரமைக்க முதலில் செலவாக வேண்டும். தேவாலாவுக்கு மாநில அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும்.

மூடுவது என்றவுடன் வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டி அடைத்துவிடக் கூடாது. பல சுரங்கங்கள் வழியாக மலைக்குள்ளிருந்து நீர் வடிகிறது. வாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, சரிவே பெயர்ந்து கீழே உள்ள குடியிருப்புகள்மீது விழ நேரிடும். நீரும் வௌவால்களும் வந்துபோக இடைவெளி விட்ட உறுதியான இரும்புக் கம்பிக் கதவுகளே அங்கு ஏற்றவை. அந்த வேலையை உள்ளூர் இளைஞர்களுக்குக் கூலி கொடுத்துச் செய்விக்கலாம். எந்தத் துளை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மீதமிருக்கும் பழைய இயந்திரப் பாகங்களையும் வரைபடங்களையும் பந்தலூரில் ஒரு சிறு கூடத்தில் வைத்தால், வெளியூரார் அபாயமான குகைகளைத் தேடி அலையாமல் இருப்பார்கள்.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தேவாலாவில் மூன்று மாதங்களுக்கு எந்த அளவீட்டுப் பணியும் நடக்காது. ஆகவே புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வருகிற கோடைக்குள் ஊர்ப்பாதைகளுக்கும் பள்ளிக்குச் செல்லும் வழிகளுக்கும் அருகிலுள்ள சுரங்க வாய்களையாவது கணக்கெடுத்துக் கதவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகலூர், ஏற்காடு.