புதுச்சேரி வீதிச் சங்கத்தின் ஆண்டறிக்கை – செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும், இந்த வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான நடவடிக்கைகளை அவை முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. நவம்பரில் மட்டும் மழை விடவில்லை. மூத்த உறுப்பினர் இருவரை இழந்தோம். அவர்களுக்கு நம் அஞ்சலி.

ஆண்டின் பெரிய வேலை மேற்குக் கோடி வீட்டின் மொட்டைமாடிதான். அது பழைய மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தளம். ஒழுகுகிறது என்று சில வருடங்களுக்கு முன்பு யாரோ சொன்னதைக் கேட்டு மேலே சிமெண்டு பூசியிருந்தார்கள். சிமெண்டு வெடித்து, வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுண்ணாம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. சுவருக்குள் செருகியிருந்த தேக்கு உத்திரத்தின் முனையில் ஆசாரி ஸ்க்ரூடிரைவரைக் குத்தினார். கைப்பிடி வரை இறங்கியது. 2014 நவம்பர் மழையில் நம் ஊரின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி சரிந்தது நினைவுக்கு வந்து அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

கெட்ட உத்திரங்களை மட்டும் மாற்றினோம். அவற்றின் மேல் ஒரு அங்குல கனமுள்ள சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக, மூலையிலிருந்து குறுக்குவாட்டில் அடுக்கிக்கொண்டே போனார்கள். கீழே பலகையோ முட்டோ கிடையாது. ஒரு வரிசை பிடித்துக்கொண்டதும் அதன் மேல் சாய்ந்தபடி அடுத்த வரிசை நிற்கிறது. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டினார்கள். "இன்னும் எத்தனை நாள்?" என்று அவசரப்பட்டுக் கேட்டேன். "கட்டை கையை விட்டு எகிறணும் சார், அப்போதான் நிறுத்தலாம்" என்றார் கொத்தனார். கடைசியாகத் தட்டை ஓடு பதித்து முடித்தார்கள். ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. இந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி விழுப்புரம் பக்கம் வரை அலைந்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கிடைத்தவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை.

வைசியாள் வீதிக்கு உறுப்பினர்களை அழைத்துப் போனோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சீரமைத்த முகப்புகளைப் பார்க்கத்தான். கீழே திண்ணையும், மரத்தூணில் நிற்கும் ஓட்டுத் தாழ்வாரமும் நம்முடையவை. மேல்மாடியில் வளைவு ஜன்னலும் சுவரோடு ஒட்டிய தூண்களும் பிரெஞ்சுச் சாயல். அன்று பக்கத்தில் வந்த வழிகாட்டி ஒருவர் இவை வெள்ளைக்காரர் குடியிருந்த வீடுகள் என்று சுற்றுலாப் பயணிகளிடம் அளந்துகொண்டிருந்தார். வெள்ளைக்காரர் குடியிருந்தது ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே. இது நம் வியாபாரிகளின் ரசனை என்று நான் குறுக்கிட்டேன். நாகரிகமில்லை என்று பொருளாளர் கடிந்துகொண்டார். பதிவுக்காகச் சொல்கிறேன், வருத்தமில்லை.

இனி, தோற்ற கதை. வீதியின் நடுவில் ஒரு வீட்டுத் திண்ணையையும் தாழ்வாரத்தையும் இடித்து ஷட்டர் போட்டாகிவிட்டது. வீட்டுக்காரர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. பங்கு பிரிந்த வீட்டில் வாடகை வந்தால்தான் மற்ற பாதியாவது நிற்கும் என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. ஆனால் தாழ்வாரம் ஒரு வீட்டோடு முடிகிற விஷயமல்ல. வீட்டுக்கு வீடு தொட்டுக்கொண்டு போனால்தான் அதன் நிழல் வீதிக்கு உதவும். இப்போது பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் வெயிலில் ஓடுகிறார்கள்.

ரோட்டு விஷயம் அப்படியே கிடக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், நாலு படி ஏறி நுழைந்த என் வீட்டுக்கு இன்று ஒன்றரைப் படிதான் மிச்சம். கனமழையில் தண்ணீர் திண்ணையைத் தொட்டு, அதன் விளிம்புப் பூச்சு உரிந்து வருகிறது. சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தோம். ரசீது மூன்றும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். சுண்ணாம்பு ஊறப்போட ஒரு தொட்டி வேண்டும். பின்கட்டில் இடமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும். அந்தக் கொத்தனாரிடம் தொழில் கற்க நம் வீதிப் பிள்ளைகள் இருவரையாவது அனுப்ப வேண்டும். கூலியைச் சங்கம் தரும். செயலாளர் பொறுப்புக்கும் புதியவர் ஒருவரைப் பாருங்கள், எனக்கு மொட்டைமாடி ஏறி இறங்க முட்டி ஒத்துழைக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.