கோஸு, மூணாவது சரணத்தை எடுத்துட்டேன்

கோஸு,

பிப்ரவரி 22 வருது. நாம விளையாடற ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆன்லைன் விளையாட்டோட பிறந்த நாளுக்கு வழக்கம்போல பெங்களூரு அல்சூர்ல பாட்டு ராத்திரி. இந்த வருஷப் பட்டியலை நேத்து எழுதி முடிச்சேன். விளையாட்டுல சண்டைக் குகையோட கடைசி எதிரி ஜாட், அவனைப் பத்தின பாட்டு இருக்கு. மூணாவது சரணம் இல்ல.

இதை உனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். மூணு தடவை அனுப்பினேன், நீ திறந்துகூடப் பாக்கல. அதோட, அந்தச் சரணத்தை எல்லார் முன்னாடியும் பாடினோம். எடுக்கறதையும் எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும். குழுவுக்கு வெளிய இருக்கறவங்களும் இதைப் படிப்பாங்கன்னு தெரியும். அதனால சில இடத்துல யாருன்னு சொல்லாமப் போவேன். உனக்குப் புரியும்.

அந்தப் பாட்டு நல்ல பாட்டு. மன்னிப்புக் கேக்கற இடத்துல இதைச் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்றேன். விளையாட்டோட கடிகாரத்துல ஒரு டிக் 0.6 வினாடி, நிமிஷத்துக்கு 100. ஜாட் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 8 டிக் எடுத்துக்கும், 4.8 வினாடி. ஆதி தாளத்துக்கும் எட்டு எண்ணிக்கை. தொடையில தட்டிக்கிட்டே "அக்கா, ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒரு அடி"ன்னு நீதான் கண்டுபிடிச்ச. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

தூக்குனா மந்திரம், குத்துனா அம்பு
பாக்காமத் தொட்டா போயிடும் தெம்பு

நாலு சீர், சீருக்கு ரெண்டு எண்ணிக்கை, வரிக்கு எட்டு. முன்னங்காலைத் தூக்கினா மந்திர அடி, தரையில குத்தினா அம்பு. ஒரு அடிக்கு 97 உயிர் வரைக்கும் போகும், அதனால அந்தந்த அடியைத் தடுக்கற ப்ரேயரை மாத்த மறந்தா பெரும்பாலானவங்களுக்கு அதோட கதை முடிஞ்சுது. ஒரு பக்கம் நிறைய எழுதி வெச்ச குறிப்பை யாரும் படிக்கல. இந்த ரெண்டு வரியை வெச்சு எத்தனை பேர் ஜாடை ஜெயிச்சு ஃபயர் கேப் வாங்கினாங்கன்னு உனக்கே தெரியும்.

முதல்ல 'தூக்கினால்'னு எழுதினேன். லகர ஒற்று எண்ணிக்கையை இழுத்துச்சு, நாக்கு பின்தங்குச்சு. 'தூக்குனா'ன்னு பேச்சுல சொல்ற மாதிரி வெச்சதும் சரியா உக்காந்துச்சு. அடுத்த தொல்லை 'அம்பு'. வரிக் கடைசியில நீட்டணும், ஆனா அந்த உகரம் நீளாது, நீட்டினா 'அம்பூ'ன்னு கேக்கும். மகரத்துல நின்னு 'அம்ம்ம்பு'ன்னு மூக்கால பிடிக்கச் சொன்னது நீ. மெல்லினத்தை எவ்வளவு வேணாலும் பிடிக்கலாம், வல்லினத்தை முடியாது. 'ஜாட்'டை வரிக் கடைசியில வைக்கவே முடியாமப் போனதும் அதனாலதான். டகர ஒத்துல நாக்கு காத்தை அடைச்சுடும், ஆகாரத்தை இழுத்துட்டு ட்டை விழுங்கினா அது வேற சொல்லாயிடும். பாட்டு முழுக்க அவன் பேரே வரலன்னு புதுசா வந்தவங்க இன்னும் கேக்கறாங்க.

மெட்டுக்கு எவ்வளவு அலைஞ்சோம். சினிமாப் பாட்டா இருந்தா கேட்டவுடனே சிரிப்பு வரும். ஆனா வீடியோவா ஏத்தினா உரிமை கோரல் வந்துடும், கரோக்கி இல்லாம நம்ம குரல்ல பாடினாலும் மெட்டை வெச்சே பிடிச்சுடும். தில்லையில ஆடறவரைப் பத்தின பழைய பதம் ஒண்ணைச் சொன்ன, அவரும் காலைத் தூக்கறவர்தானேன்னு. பக்திப் பாட்டுல கை வைக்க வேண்டாம்னு நான் மறுத்தேன். அந்த மறுப்புல எனக்கு இன்னிக்கும் சந்தேகம் இல்ல. அப்புறம்தான் உங்க பாட்டிகிட்ட கேட்ட நலங்குப் பாட்டை நீ முனகிக் காட்டின.

வாயால பாடறது ஒரு பாடு, விளையாட்டுக்குள்ள பாடறது வேற பாடு. அங்க தமிழ் எழுத்து வராது. இங்கிலீஷ் எழுத்துல, வரிக்கு 80 எழுத்துக்குள்ள அடக்கணும். எதுகை கண்ணுக்கே தெரியாது, ழகரமும் ளகரமும் ஒண்ணாயிடும். அதனால அங்க நீளப் பாட்டு ஓடாது, ஒத்தை வரிதான் ஓடும். 'கோஸு வெந்துச்சா' அப்படித்தான் ஓடுச்சு.

உன் பேர் வந்தது விளையாட்டுல ஃபாலடோர்ங்கற ஊருக்குத் தெக்க இருக்கற கோஸ் வயல்ல. உயிர் பெருசா ஏறாத கோஸை ஒவ்வொண்ணாத் தின்னுட்டு, ஒவ்வொரு தடவையும் 'உவ்வே'ன்னு வந்த வரியைச் சத்தமாப் படிச்சியே, அன்னிக்கு. தமிழ்ல கோஸ், கன்னடத்துல கோசு, நம்ம குழுவுல ரெண்டு பேருக்கும் பொருந்துச்சு. 'வெந்துச்சா'வும் கன்னடத்துக்குக் கிட்டத்தட்ட அப்படியே போச்சு: 'கோசு பெந்திதெயா'. நம்ம வகரம் அங்க பகரம், சொல்லோட கடைசி மட்டும் வேற. ரெண்டு மொழியிலயும் ஒரே தாளத்துல விழற நக்கல் அபூர்வம். அதனாலதான் அது அடங்கவே இல்ல. முதல்ல ஜாட்கிட்ட செத்தா மட்டும் சொன்னாங்க. அப்புறம் எங்க யார் செத்தாலும் சொன்னாங்க. கடைசியில யாரும் சாகாமலே, நீ உள்ள வந்தாலே வணக்கம் மாதிரி அதைப் போட்டாங்க. ஒருத்தர் ஸ்டிக்கராவே செஞ்சார். யாருன்னு எழுத மாட்டேன், அவர் நல்ல மனசோடதான் செஞ்சார். உள்வட்டத்து நக்கல் ஒண்ணு எதைப் பத்தினதுன்னு தெரியாதவங்க அதிகமாயிட்டா, சம்பந்தப்பட்ட ஆள் அங்க வெறும் பொருளாயிடறான். இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்தக் குழுவுல பாட்டுக்குப் பொறுப்பு நான்தான்.

இனி அந்த ராத்திரி.

63-வது அலை, ஜாட் வர்ற கடைசிச் சுற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகியிருந்துச்சு. செத்தா முதல் அலையில இருந்து திரும்ப வரணும். உன் திரையைப் பகிர்ந்திருந்த, நாங்க பத்துப் பதினோரு பேர் பாத்துக்கிட்டிருந்தோம். நான் பாடிக்கிட்டிருந்தேன். எல்லாரும் சேர்ந்து பாட முடியாது, ஒவ்வொருத்தர் குரலும் ஒவ்வொரு நேரத்துல போய்ச் சேரும், அதனால ஒருத்தர் பாடணும், மத்தவங்க மைக்கை மூடணும்னு நாமளே வெச்ச விதி. இரைச்சல் வடிகட்டியை அணைச்சிருந்தேன், இல்லன்னா நீட்டற இடத்தையும் கைத்தட்டையும் அது சத்தம்னு நினைச்சுத் தின்னுடும். ஜாடோட உயிர் 250-ல பாதிக்குக் கீழ இறங்குச்சு. அவன் உயிரைத் திரும்ப ஏத்தற ஹீலர் நாலும் வந்துச்சு. நீ மூணை உன் பக்கம் இழுத்துட்ட. நாலாவது ஜாடுக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு. நீ சொன்ன: "அக்கா, நான் ஹீலரைப் பாக்கறேன், காலை நீ பாத்துச் சொல்லு."

நான் சொன்னேன். தூக்குனான்னு சொன்னேன். நீ உடனே மாத்தின. நான் சொன்னது முந்தின அடி, நீ செத்துட்ட.

யாருமே மைக்கைத் திறக்கல. அப்புறம் நீ, ரொம்ப மெதுவா, "சரி, பரவால்ல"ன்னு சொன்ன. யாரோ சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச. அந்தச் சிரிப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ரெண்டு நாள்ல அந்தச் சரணத்தை எழுதினேன்.

அந்த வரிகளை இங்க எழுத மாட்டேன். காலைப் பாக்காம ஹீலரைப் பாத்தவன்னு இருக்கும், அவ்வளவுதான்.

கோஸு, நீ குழுவை விட்டுப் போன பிறகு நான் ஒண்ணு செஞ்சேன். ரெண்டு மடிக்கணினியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒண்ணுல விளையாட்டு, இன்னொண்ணுல அதே பகிர்ந்த திரை, ரெண்டையும் சேத்து போன்ல வீடியோ எடுத்து, பிரேம் பிரேமா நகத்திப் பாத்தேன். காலைத் தூக்கறது அடுத்த திரைக்கு வர ரெண்டு டிக்குக்கு மேல ஆகுது. அதைப் பாத்து நான் வாயைத் திறக்க இன்னும் ஒண்ணு. என் குரல் உன் காதுக்கு வர இன்னும் கொஞ்சம். கால் அசைஞ்சதுக்கும் அடி விழறதுக்கும் நடுவுல மாத்திக்கற இடைவெளி அதுக்குள்ள முடிஞ்சுடும். ஜாட் எந்த வரிசையில அடிப்பான்னு யாருக்கும் தெரியாது, அதனால முன்கூட்டிச் சொல்லவும் வழி இல்ல. நேரலையில ஒருத்தர் பாத்து இன்னொருத்தருக்குச் சொல்றது முழுக்கத் தப்பு. உன் கை தப்பு பண்ணல. என் வாய்தான் பண்ணுச்சு. அந்தச் சரணம் பொய்.

எழுதும்போதே எனக்குத் தெரியுமான்னு கேப்ப. முழுசாத் தெரியாது. ஆனா ஏதோ தாமதமாச்சுன்னு அந்த நிமிஷமே உள்ள உறுத்துச்சு. அதை யார்கிட்டயும் சொல்லாம எதுகை தேடிக்கிட்டிருந்தேன்.

இவ்வளவு சொன்னேன், இதையும் சொல்லிடறேன். நீயும் சும்மா இருக்கல. விளையாட்டுல நான் சமையல்ல 92-ஆவது நிலையிலயே நின்னப்போ, 92-ன்னா இன்னும் பாதிதான்னு என்னை வெச்சு ரெண்டு மாசம் பாடின. உச்ச நிலையான 99-க்கு 1,30,34,431 அனுபவப் புள்ளி வேணும், 92-ல 65,17,253தான் ஆகியிருக்கும்னு அந்த எண்ணையே பல்லவி ஆக்கின. எனக்கு வேலை போயிருந்த நேரம் அது, உனக்குத் தெரியும். நான் ஒரு நாள் "போதும்டா"ன்னேன், நீ நிறுத்திட்ட. அதைத்தான் கேக்கறேன். நீ ஏன் ஒரு தடவைகூட "போதும்"னு சொல்லல? சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு வார்த்தை இல்லாமக் கிளம்பி, நாலு வருஷப் பாட்டுப் பதிவையும் உன் வட்டுலயே வெச்சுக்கிட்டுப் போயிட்ட. அதுல நீ மட்டும் பாடல, மத்தவங்க குரலும் இருக்கு. ஒருத்தங்க இப்ப பாடவே முடியாத நிலையில இருக்காங்க, அவங்க குரல் அதுல மட்டும்தான் இருக்கு. அது நியாயமில்ல.

அந்தக் கோபம் இருக்கட்டும். மாத்தினதைச் சொல்லிடறேன். பாட்டை இனி யாரும் உள்ள போனப்புறம் பாட மாட்டோம். போறதுக்கு முன்னாடி, விளையாட்டை ஓட்டற ரூன்லைட் செயலியோட மெட்ரோனோமை, அதான் தாளம் தட்டற கருவியை, ஓட விட்டு, பத்துத் தடவை. அப்புறம் மைக்கை மூடிடணும், போறவங்க காலை அவங்களே பாக்கணும். ஹீலரை இழுக்கறப்போ ஒரு அடி அடிச்சுட்டுக் கண்ணு உடனே ஜாடுக்குத் திரும்பணும்னு ரெண்டாவது சரணத்துல சேத்திருக்கேன், 'ஒண்ணு தட்டு, கண்ணைத் திருப்பு'ன்னு. ரெண்டுலயும் ணகரம் வருது, நீ பாத்தா ஒத்துக்குவ. ஸ்டிக்கரை அவரே எடுத்துட்டார், நான் கேக்காமலே.

மூணாவது சரணத்தோட மெட்டு மட்டும் ஏறி இறங்கி வேற மாதிரி இருக்கும், அதை வெட்ட எனக்கு மனசு வரல. அது உங்க பாட்டியோடது. அதுல பாட்டி என்ன பாடினாங்கன்னு இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூட உன்கிட்ட கேக்கல. வார்த்தையை அனுப்பினா அதையே பாடறோம், ஜாடும் வேண்டாம், கோஸும் வேண்டாம். அனுப்பலன்னா அந்த இடத்துல தன்னானேன்னு போட்டு முடிச்சுக்கறோம். 22-ஆம் தேதி ராத்திரி எட்டு மணி, அதே வீடு, அதே மாடி.

அக்கா