மும்பைக்குப் புதிதாக வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

பையோடு குர்லாவிலோ தாதரிலோ இறங்கி, தாராவி, சயன், செம்பூர் என்று அறை தேடி அலைந்து, இப்போதுதான் மூச்சு விட்டிருப்பீர்கள். நானும் 1996-இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்படி வந்தவன்தான். உங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் சோலார் வைக்கும் பேச்சைத் தொடங்கிவைக்க, உங்களிடம் ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. சயனிலிருந்து செம்பூர் வரை இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தேன். காற்று சூடாகச் சூடாக அதிக ஈரத்தைத் தாங்கும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். அந்த நாள் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் ஒவ்வொரு ஆடியிலும் எனக்கு உண்டு.

மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சில் ஒரு காலநிலைத் திட்டம் வெளியிட்டது. 2050-க்குள் இந்த நகரம் வெளியிடும் கரிமத்தை நிகர அளவில் சுழியமாக்குவது, அதாவது வெளியிடும் அளவும் திரும்ப உறிஞ்சப்படும் அளவும் சமமாகச் செய்வது, அதன் இலக்கு. நாட்டின் இலக்கு 2070 என்பதால், இது 20 ஆண்டு முந்தியது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது: 2019-இல் இங்கே வெளியான, புவியைச் சூடாக்கும் வாயுக்களில் ஏறத்தாழ 72 சதவீதம் கட்டடங்களும் தொழில்களும் பயன்படுத்தும் மின்சாரத்தாலும் எரிபொருளாலும் வந்தது. போக்குவரத்தின் பங்கு 20, குப்பையின் பங்கு 8.

போக்குவரத்தில் நீங்கள் ஏற்கெனவே சரியான பக்கம்தான். லோக்கல் ரயில் 1925-லேயே மின்சாரத்துக்கு மாறத் தொடங்கிவிட்டது. சம்பளம் கூடியதும் ரயில் பாஸை விட்டுவிட்டு பைக் வாங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான். ஏசி வாங்கினால் 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினாலே மின்சாரம் 6 சதவீதம் அளவுக்கு மிச்சமாகும்.

அந்த 72 சதவீதத்தில் நம் கட்டடங்களின் மின்சாரமும் உண்டு. அதனால் நான் சொல்ல வந்தது மொட்டை மாடியைப் பற்றி. எங்கள் சொசைட்டியில் (கட்டடத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு சங்கம்) இருபது வருடமாக அதை வடாம் காயப்போடும் இடமாகத்தான் பார்த்தோம். சோலார் வைக்கலாமே என்று முதலில் கேட்டது வாடகைக்கு வந்து எட்டே மாதமான ஒரு மதுரைப் பெண். கூட்டத்தில் அவருக்கு ஓட்டு கிடையாது. ஆனால் லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு மூன்றுக்கும் ஒரு வருடத்தில் கட்டிய கரண்ட் பில்லைக் கூட்டி, ஒரே தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் பழகிப்போன செலவு, அவர் கண்ணில்தான் பட்டது.

அந்தக் கண் உங்களுக்கும் இருக்கிறது. சில வருடம் போனால் மங்கிவிடும், எனக்கு மங்கியது போல. அதனால்தான் இப்போதே கேட்கிறேன். மாடியில் சோலார் வைக்க மத்திய அரசு 2024-இல் தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில், சொசைட்டிகளின் பொது உபயோகத்துக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் வைத்திருக்கிறார்கள். இது தெரியாத சொசைட்டிகள் இன்னும் நிறைய.

“நான் வாடகைக்குத்தானே இருக்கிறேன்” என்று ஒதுங்கிவிடாதீர்கள். இந்த மாநிலத்தில் சொசைட்டியின் ஆண்டுக் கூட்டம் செப்டம்பர் முடிவதற்குள் நடக்க வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் சொல்லி, விஷயத்தைக் கூட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். மராத்தியில் பேசத் தயக்கமாக இருந்தால், உங்கள் கட்டடத்திலோ பக்கத்துச் சந்திலோ பழைய தமிழ்க் குடும்பம் ஒன்று இருக்கும். கதவைத் தட்டுங்கள், கூட வருவார்கள்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து ஓர் அண்ணன்