குளிர்காலத்துக்கும் கணக்குச் சொல்லுங்கள்: டபிள்யூ.என்.பி.ஏ. உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மதிப்பிற்குரிய ஆணையர் கேத்தி எங்கல்பர்ட் அவர்களுக்கும், அணிகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். இதை 2025 ஜூலை இறுதியில் எழுதுகிறேன்.

2025 ஜூலை 19, சனிக்கிழமை. லீகின் நட்சத்திரங்கள் மோதும் இண்டியானாபொலிஸ் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முன் வீராங்கனைகள் எல்லோரும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டையில் பயிற்சிக்கு வந்தார்கள். சட்டையில் இருந்தது ஒரே வரி: எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள். அன்று நபீசா காலியர் 36 புள்ளிகள் எடுத்து ஆல்-ஸ்டார் சாதனையை முறியடித்தார். பரிசு கொடுக்கும் நேரத்தில் அரங்கமே 'பணத்தைக் கொடுங்கள்' என்று முழங்கியது. அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்த புதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தை, வீராங்கனைகள் சங்கம் 2020 சம்பள ஒப்பந்தத்திலிருந்து ஏன் முன்கூட்டியே வெளியேறியது, அந்த ஒப்பந்தம் அக்டோபர் 31 அன்று முடிவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த முன்கதைக்குள் போகவில்லை.

கேட்பது ஒன்றே ஒன்று. லீகின் மொத்த வருமானத்தில் வீராங்கனைகளுக்கு இத்தனை சதவீதம் என்று புதிய ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்கள்.

இதைக் கேட்க நான் யார் என்று தோன்றலாம். பள்ளி மாணவிகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பவள். 'இதை ஆடி நாளைக்கு என்ன ஆகப்போகிறாள்?' என்று கேட்கும் பெற்றோரிடம் காட்ட என் கையில் இருப்பது உங்கள் வீராங்கனைகளின் வாழ்க்கைதான். பெயர்களைச் சொல்வதில் சிரமமே இல்லை. பெயருக்கு அடுத்து வருகிற கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறேன்.

டயானா டௌராசியைச் சொல்வேன். அணிகள் புது வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2004-இல் முதல் தேர்வு. ஃபீனிக்ஸ் மெர்குரி என்ற ஒரே அணியில் 20 சீசன்கள், மூன்று சாம்பியன் பட்டங்கள், 10,646 புள்ளிகள். லீகில் வேறு யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. ஆறு ஒலிம்பிக் தங்கம். 2025 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். கேட்டுக்கொண்டிருந்த ஒரு அப்பா, 'இவ்வளவு பெரிய ஆட்டக்காரி எதற்கு வருஷா வருஷம் ரஷ்யாவுக்குப் போய் ஆடினாள்?' என்றார். இந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

2015-இல் டௌராசி உங்கள் சீசனில் ஆடவே இல்லை. காயம் இல்லை, சண்டை இல்லை. அவர் குளிர்காலத்தில் ஆடிவந்த ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் கிளப், 'கோடையில் ஓய்வெடுங்கள், அந்தச் சம்பளத்தையும் நாங்களே தருகிறோம்' என்றது. அங்கே அவருக்கு ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர். உங்கள் லீகில் அன்றைக்கு இருந்த உச்சவரம்பு 1,07,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் தலைசிறந்த ஆட்டக்காரி உங்களிடம் ஆடாமல் இருப்பதற்கு வேறொரு நாட்டுக்காரர் பணம் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார். இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டியவர் டௌராசி அல்ல.

சிந்தியா கூப்பர் காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. கல்லூரி முடித்து ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பத்தாண்டுக்கு மேல் ஆடினார்; அமெரிக்காவில் அப்போது ஆட லீகே இல்லை. 1997-இல் லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 34. முதல் நான்கு ஆண்டும் ஹூஸ்டன் காமெட்ஸ் சாம்பியன். நான்கு முறையும் இறுதிச்சுற்றின் சிறந்த வீராங்கனை கூப்பர்தான். இளமை முழுவதும் எங்கோ கழிந்த பிறகு மிச்சமிருந்ததை வைத்துச் செய்தது இது. அவருக்கு உள்நாட்டில் லீக் இல்லை, போனார். பின்னால் வந்தவர்களுக்கு லீக் இருந்தும் போனார்களே, ஏன்?

அந்தக் குளிர்காலங்களைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். மே மாதம் முதல் இங்கே ஆட்டம். இறுதிச்சுற்று முடிந்து வியர்வை காய்வதற்குள் துருக்கிக்கோ ரஷ்யாவுக்கோ சீனாவுக்கோ விமானம். அங்கே வசந்தம் வரை ஆட்டம், திரும்பி வந்தால் பயிற்சி முகாம் தொடங்கியிருக்கும். முழங்காலுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. ஆண்கள் லீகில் ஒருவர் சீசன் முடிந்ததும் மாதக்கணக்கில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறார். இவர்களுக்கு அந்த மாதங்கள்தான் சம்பாதிக்கும் மாதங்கள்.

2018-இல் பிரியானா ஸ்டூவர்ட் சியாட்டில் ஸ்டார்முக்காகச் சீசனின் சிறந்த வீராங்கனை, இறுதிச்சுற்றின் சிறந்த வீராங்கனை இரண்டும் ஆனார். அதன்பின் அவர் வீட்டில் உட்காரவில்லை. ரஷ்யாவின் டைனமோ குர்ஸ்க் கிளப்புக்கு ஆடப் போனார். 2019 ஏப்ரலில் ஹங்கேரியில் நடந்த, ஐரோப்பியக் கிளப்புகளின் போட்டியான யூரோலீக் இறுதி ஆட்டத்தில் அவருடைய வலது குதிகால் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டு உங்கள் சீசனில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நடப்பு சாம்பியன் அணி தன் நட்சத்திரம் இல்லாமல் களமிறங்கியது. வெளிநாட்டுக் கிளப்பின் தலையில் கட்டி நீங்கள் மிச்சம் பிடித்த சம்பளத்தின் உண்மையான விலை இது. அந்த இழப்பை உங்கள் கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்?

அடுத்து, குளிர்காலத்தில் அதே யெகாதெரின்பர்க் கிளப்புக்கு ஆடிவந்த பிரிட்னி கிரைனர். 2022 பிப்ரவரி 17, மாஸ்கோ அருகே விமான நிலையத்தில், பையில் கஞ்சா எண்ணெய் இருந்ததாகப் பிடிக்கப்பட்டார். ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை. டிசம்பர் 8-இல் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலை. அவர் பையில் இருந்தது சரியா தவறா என்பது தனி விவாதம். பிப்ரவரி மாதத்தில் உங்கள் லீகின் உச்ச நட்சத்திரம் ஒருவர் அந்த விமான நிலையத்தில் ஏன் நின்றுகொண்டிருந்தார் என்பதுதான் என் விவாதம். அந்தச் சீசனில் எல்லா அரங்குகளிலும் தரையில் அவருடைய பெயரெழுத்துகளையும் 42 என்ற சட்டை எண்ணையும் ஒட்டினீர்கள். நல்ல செயல். ஒட்டியதோடு நில்லாமல் சம்பளப் பட்டியலையும் ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்கலாம்.

பார்க்காமல் விதி போட்டீர்கள். 2020 ஒப்பந்தத்தின்படி, வெளிநாட்டு லீக் முடிந்து தாமதமாக வருபவர்களுக்கு 2023 முதல் அபராதம். 2024 முதல் அந்தச் சீசனில் ஆடவே முடியாது. வெளியே சாப்பிடாதே என்று கட்டளையிடலாம், தவறில்லை. அதற்கு முன் வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா?

கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஸ்டூவர்ட்டும் காலியரும் சேர்ந்து அணிக்கு மூவர் ஆடும் 'அன்ரைவல்ட்' என்ற லீகை 2025 ஜனவரியில் மயாமியில் தொடங்கினார்கள். இரண்டு மாத ஆட்டத்துக்குச் சராசரிச் சம்பளம் 2,20,000 டாலருக்கு மேல், கூடவே லீகின் உரிமையில் பங்கு. உங்கள் லீகில் 2025-இல் உச்ச சம்பளம் 2,49,244 டாலர், அதுவும் 44 ஆட்டங்கள் கொண்ட முழு சீசனுக்கு. அடிமட்டம் 66,079. ஆட்டக்காரர்கள் புதிதாகத் தொடங்கிய ஒரு லீக் முதல் ஆண்டிலேயே தர முடிந்ததை, 29-ஆவது சீசன் நடத்தும் உங்களால் தர முடியவில்லையா?

பணம் இல்லை என்று ஒருகாலத்தில் சொன்னீர்கள். நம்பினோம். காமெட்ஸ் மாதிரி நான்கு பட்டம் வென்ற அணிக்கே உரிமையாளர் கிடைக்காமல் 2008-இல் மூடுவிழா நடந்ததை மறக்கவில்லை. நட்டத்தோடு தாங்கிப் பிடித்தவர்கள் உங்களில் உண்டு, அவர்களுக்கு நன்றி. ஆனால் 2024-இல் கையெழுத்தான ஒளிபரப்பு ஒப்பந்தம் 11 ஆண்டுக்கு 220 கோடி டாலர். கோல்டன் ஸ்டேட் அணி லீகில் சேர 5 கோடி டாலர் கட்டியது. 2025 ஜூனில் அறிவித்த கிளீவ்லாந்து, டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா அணிகள் தலைக்கு 25 கோடி. இளம் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் 2024-இல் லீகுக்கு வந்த பிறகு அரங்குகள் எப்படி நிரம்பின என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிளார்க்குக்கு 2024-இல் சம்பளம் 76,535 டாலர்; 2025-இல் 78,066. சேர்ந்தது 1,531 டாலர்.

இது யாரோ ஒருவரின் கஞ்சத்தனம் இல்லை, 2020 ஒப்பந்தத்தின் அமைப்பு அப்படி. அணிகளின் சம்பள வரம்பு ஆண்டுக்கு 3 சதவீதம்தான் ஏறும், லீக் எவ்வளவு சம்பாதித்தாலும். வருமானப் பங்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் பல ஆண்டு வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிடும் இலக்கைத் தாண்டினால் மட்டும், தாண்டிய பகுதியில் மட்டும். ரசிகர்களே இல்லாமல் ஃப்ளோரிடாவில் ஓரிடத்தில் அடைந்து ஆடிய 2020 சீசனின் பள்ளமும் அந்தக் கணக்குக்குள் வருகிறது. ஆண்கள் லீகான என்.பி.ஏ.வின் வீரர்களுக்கு லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி போகிறது. அவர்கள் வாங்கும் தொகையை இவர்கள் கேட்கவில்லை. அதே முறையைக் கேட்கிறார்கள். மறுபடியும் சொல்கிறேன்: மொத்த வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுங்கள். லீக் வளர்ந்தால் அவர்களும் வளரட்டும், தேய்ந்தால் அவர்களும் தாங்கட்டும்.

நீங்கள் கண்டிப்பு காட்டத் தெரியாதவர்கள் அல்ல. 2018-இல் லாஸ் வேகஸ் ஏசஸ் அணி விமானம் தாமதமாகி ஒரு நாளுக்கு மேல் வழியில் அலைந்து, களைத்துப்போய் வாஷிங்டன் ஆட்டத்தை ஆட மறுத்தது. தோல்வி என்று பதிவு செய்தீர்கள். 2021-இல் நியூயார்க் லிபர்ட்டி உரிமையாளர் தன் செலவில் வீராங்கனைகளைத் தனி விமானத்தில் அனுப்பினார்; அது விதிமீறல் என்று 5 லட்சம் டாலர் அபராதம். ஆறடி உயரப் பெண் காலை நீட்டி உட்கார்ந்த குற்றத்துக்கு அன்றைய உச்ச சம்பளத்தைப்போல் இரு மடங்கு! ஸ்கைலர் டிகின்ஸ் 2018 சீசன் முழுவதும் கர்ப்பமாக இருந்தபடியே ஆடியதை அடுத்த ஆண்டுதான் வெளியே சொன்னார். மகப்பேற்றுக்குப் போனால் முழுச் சம்பளம் என்ற உறுதி அன்று ஒப்பந்தத்தில் இல்லை.

கோபம் எங்கெங்கோ இழுத்துப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முழுச் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு 2020-இல் வந்தது, 2024-இல் எல்லா அணிக்கும் தனி விமானம் வந்தது. இரண்டுக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டையும் கொடுத்த பிறகு லீக் திவாலாகவில்லை என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன். கொடுப்பதற்கு முன் இரண்டுமே முடியாத காரியம் என்றுதான் இருந்தன.

2025 அக்டோபர் 31-க்கு, இதை எழுதும்போது, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அடுத்த பேச்சுவார்த்தைக்கு வரும்போது தயவுசெய்து ஒரு சதவீதத்தோடு வாருங்கள். அது மொத்த வருமானத்தின் சதவீதமாக இருக்கட்டும், உபரியின் சதவீதமாக வேண்டாம். அதற்குப் பிறகு வெளிநாட்டில் ஆட விரும்புகிறவள் ஆசைப்பட்டுப் போகட்டும்.

பதிலை எனக்குத் தமிழில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். அந்த அப்பாவிடம் காட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாணவிகளுக்குக் கூடைப்பந்து கற்றுத்தரும் ஒருத்தி