அந்தக் கல்லை மண்டபச் சுவரில் திரும்பப் பதியுங்கள்

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியின் நிர்வாகக் குழுவினர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மண்டபத்தை இடித்துப் புதிதாகக் கட்டியதில் எங்களுக்கு வருத்தமில்லை. மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின் கீழ் பரீட்சை எழுதியவன் நான். ஆனால் மேடைக்கு வலப்புறம் இருந்த, போரில் உயிர்நீத்த பழைய மாணவர் ஒருவரின் பெயர் பொறித்த சலவைக்கல்லை ஏன் திரும்பப் பதிக்கவில்லை? கடிதம் எழுதினோம், நேரில் வந்தோம். "பரிசீலிக்கிறோம்" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை.

கல்லில் இருப்பது எங்கள் ஆச்சியின் அண்ணன் பெயர். 1944-ல் மணிப்பூரின் இம்பாலில் ஜப்பானியரை எதிர்த்து நடந்த போரில், வெள்ளைக்காரர் ஆட்சியின் கீழ் இருந்த இந்திய விமானப்படையின் வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானத்தை ஓட்டியவர். பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போட வேண்டிய விமானம் அது. ஓட்டுபவர் ஒருவர், பின்னால் துப்பாக்கியோடு ஒருவர், அவ்வளவுதான். மலைக்காட்டுக்கு மேல் போன இருவரும் திரும்பவில்லை. அவருக்கு வயது 22. வீட்டுக்குத் தந்தி வந்தது, உடல் வரவில்லை. கொள்ளி வைக்க வழியில்லாமல் தாமிரபரணியின் குறுக்குத்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைத்ததோடு சரி. கல்லறை இல்லாதவர்களுக்காகச் சிங்கப்பூர் கிராஞ்சியில் எழுப்பிய நினைவகத்தில் அவர் பெயர் இருக்கிறது. டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகம் விடுதலைக்குப் பின் உயிர்நீத்தவர்களுக்கானது. ஆக, நம் மண்ணில் அவர் பெயரைத் தாங்கிய கல் உங்களிடம் இருந்த ஒன்றுதான்.

ஆச்சிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. சிங்கப்பூருக்கா போக முடியும்? ஆடி அமாவாசைதோறும் ஆற்றில் குளித்துவிட்டுப் பள்ளிக்கு வந்து, அந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிவிட்டுப் போவார்கள். கண் மங்கிய பிறகும் அண்ணாச்சியின் பெயர் எங்கே தொடங்குகிறது என்று அவர்கள் விரலுக்குத் தெரியும். இந்த ஆடியில் வந்து, மேடைக்கு வலப்புறம் வெறும் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். காவலாளிதான் இரக்கப்பட்டு சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். கல் மல்லாந்து கிடந்தது. அதன் மேலேயே சிமெண்டு குழைத்திருக்கிறார்கள். பெயரில் பாதி எழுத்து அடைபட்டுக் கிடந்தது. ஆச்சி தரையில் உட்கார்ந்து முந்தானையால் துடைத்தார்கள். காய்ந்த சிமெண்டு துணிக்குப் போகுமா?

"வெள்ளைக்காரன் படையில் செத்தவனுக்கு இங்கே எதற்குக் கல்?" என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறும், வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட மணியாச்சியும் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்த வரலாறு எங்களுக்கும் சொந்தம். அதே இம்பாலுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, ஜப்பானியரோடு சேர்ந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் வந்தது. அந்தப் படையில் மலாயாத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கல் வையுங்கள், முதல் நன்கொடை நான் தருகிறேன். ஒருவரை மதிப்பதற்கு இன்னொருவரைக் கொட்டகைக்குப் பின்னால் போட வேண்டுமா? புதிய மண்டபத்தில் ஒவ்வொரு மின்விசிறியிலும் உபயதாரர் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. இருக்கட்டும், கொடுத்தவர்கள் அவர்கள். உயிரைக் கொடுத்த மாணவனுக்கு இரண்டடிச் சுவர் கிடையாதா?

சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். கேட்பது ஒன்றே ஒன்றுதான். கல்லைச் சுத்தம் செய்து, பிள்ளைகள் கண்ணில் படும்படி மண்டபச் சுவரில் திரும்பப் பதியுங்கள். கொத்தனார் கூலி முதல் எல்லாச் செலவும் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தது. அடுத்த ஆடி வரை ஆச்சியைக் காக்க வைக்காமல், தை அமாவாசைக்குள் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பள்ளியின் பழைய மாணவன்